இடிக்கும் முன் கழற்றுங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. நிலையின் மேல்கட்டையில் கஜலட்சுமி; கதவில் பித்தளைக் குமிழ்களைப் பிடுங்கிய தழும்பு. பாரம்பரியம் விலைபோகிறதே என்று வருந்துபவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. பங்காளிகள் பெருகி, குடியிருக்க ஆளின்றி, ஓடு சரிந்து மழை இறங்கும் வீட்டில் கரையானுக்கு இரையாவதைவிட, அந்தக் கதவு இன்னொரு வாசலில் திறந்து மூடுவது மேல்.

என் கோபமெல்லாம் அந்த வீடுகளை இடிக்கும் ஜேசிபி மீதுதான். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரைக் கையால் பிரித்தால் செங்கல் பெரும்பாலும் முழுசாகக் கழன்று வரும். காரையைச் சுரண்டிவிட்டு மறுபடி அடுக்கலாம். இயந்திரமோ ஒரே நாளில் செங்கல், ஆத்தங்குடிக் கல், கைமரம் எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கிவிடுகிறது. அது கடைசியில் ஏதோ ஒரு ஏரிக்கரையில் போய்ச் சேர்கிறது.

வேறு வழி இருக்கிறது. முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், செட்டிநாட்டிலும் கேரளத்திலும் பிரித்தெடுத்த வீடுகள் மறுபடி எழுந்து நிற்கின்றன. எல்லா வீட்டுக்கும் அந்த வாய்ப்பு அமையாது. ஆனால் இடிப்பு அனுமதி தரும்போதே, படமெடுத்து, அளந்து, எண்ணிட்டுக் கழற்ற அவகாசம் தர வேண்டும் என்று உள்ளாட்சிகள் நிபந்தனை விதிக்கலாம். அதற்கு ஆகும் ஆசாரி, கொத்தனார் கூலியை வீண்செலவாகப் பார்க்கக் கூடாது. நூறாண்டு உழைத்த மரம் இன்னும் நூறாண்டு உழைக்கும். அதைக் குப்பையாக்க நமக்கு உரிமை இல்லை.