நம்பியாருக்கு நற்சான்றிதழ் எதற்கு?



முந்தாநாள் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மருமகன் ஒருவர் எம்.என். நம்பியார் மாலை போட்டு நிற்கும் படத்தைப் பகிர்ந்திருந்தார். கீழே வழக்கமான வாசகம். திரையில் கொடியவர், நிஜத்தில் உத்தமர். குடிக்க மாட்டார், சுத்த சைவம், சபரிமலைக்கு 60 தடவைக்கு மேல் போனவர். அதற்கு வரிசையாகக் கும்பிடு, பூங்கொத்து. நான் மட்டும் "இந்தச் சான்றிதழ் அவருக்கு எதற்கு?" என்று ஒரு வரி எழுதினேன். அவ்வளவுதான். ராத்திரி வரைக்கும் போன். "சார், நம்பியார் மேல உங்களுக்கு என்ன கோபம்?" என்று கோயம்புத்தூரில் இருந்து ஒரு பழைய மாணவர். "மாமா, சாமி விஷயத்துல ஏன் வம்பு?" என்று மருமகன்.

நம்பியார் மேல் எனக்குக் கோபம் இல்லை. சாமி மேலும் இல்லை. கோபம் நம் மேல்தான், என்னையும் சேர்த்து. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும். மணி அடிக்கும் முன்னால் பையைத் தூக்குகிற பழக்கத்தை விட்டுவிட்டு முழுதாகப் படியுங்கள்.

எங்கள் அப்பத்தா 'எங்க வீட்டுப் பிள்ளை' பார்த்தது டூரிங் டாக்கீஸில். படம் 1965 பொங்கலுக்கு வந்தது. எழுமலைப் பக்கம் பெட்டி வந்து சேரக் கொஞ்ச காலம் ஆனது. நான் அப்போது சின்னப் பையன். மணலில் அப்பத்தா மடியில் உட்கார்ந்திருந்தேன். நம்பியார் சவுக்கை எடுத்து எம்.ஜி.ஆரை விளாசியபோது அப்பத்தா ஒரு பிடி மணலை அள்ளித் திரைப் பக்கம் வீசி, வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டியது. சுற்றி இருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. "அவன் பொண்டாட்டி பிள்ளைகள எல்லாம் என்ன பாடு படுத்துவானோ" என்று சோறு போடும்போதும் புலம்பியது.

அப்பத்தாவை நான் குறை சொல்ல மாட்டேன். எழுத்துத் தெரியாத மனுஷி. வருஷத்துக்கு இரண்டு படம் பார்த்தால் அதிகம். அது நம்பியின நம்பிக்கையே நடிகருக்குக் கிடைத்த பரிசு. என் கேள்வி உங்களிடம்தான். கையில் போன், விரல் நுனியில் உலகம். நீங்களும் அப்பத்தா நின்ற இடத்தில்தானே நிற்கிறீர்கள்? அது அவரைக் கெட்டவர் என்று நம்பித் திட்டியது. நீங்கள் "இல்லை இல்லை, நல்லவர்தான்" என்று மன்னிப்பு வழங்குகிறீர்கள். இரண்டு பேருமே அவருடைய வேலையைப் பார்க்கவில்லை. யாருக்கு ஐயா மன்னிப்பு? அவர் என்ன தப்பு செய்தார்?

அவர் செய்த வேலையைக் கொஞ்சம் பாருங்கள். 1919-ல் கண்ணூர்ப் பக்கம் பிறந்தவர். சின்ன வயதில் தகப்பனாரை இழந்து ஊட்டிக்கு வந்து, அங்கிருந்து நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். அந்தக் கம்பெனியின் பெயர் என்ன தெரியுமா? மதுரை தேவி பால வினோத சங்கீத சபா. நம் மதுரையின் பெயரைத் தாங்கிய பாய்ஸ் கம்பெனிதான் அவருக்குப் பள்ளிக்கூடம். பிள்ளைப் பருவத்திலேயே பாட்டு, வசனம், வேஷம், அடவு எல்லாம் அங்கே கற்றுக்கொண்டார்.

1935-ல் 'பக்த ராமதாஸ்' படத்தில் முதன்முதலாகத் திரைக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்தது வில்லன் வேடமல்ல, சிரிப்பு வேடம். 1947-ல் 'ராஜகுமாரி'. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக வந்த முதல் படம். அதிலும் நம்பியாருக்குச் சிரிப்பு வேடம்தான். 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'திகம்பர சாமியார்' படத்தில் பதினொரு வேடம் போட்டார். கமல்ஹாசன் 'தசாவதாரம்' எடுத்தபோது பத்து வேடம் என்று வாயைப் பிளந்தோமே, கணினியும் ரப்பர் முகமூடியும் இல்லாத காலத்தில் இந்த மனிதர் பதினொன்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார். 1952-ல் 'கல்யாணி' படத்தில் கதாநாயகன். பிறவி வில்லன் என்று ஒருவன் கிடையாது, பிள்ளைகளே. சிரிக்க வைக்கத் தெரிந்தவர், நாயகனாக நிற்கத் தெரிந்தவர், 'சர்வாதிகாரி', 'நாடோடி மன்னன்' என்று போகப் போக வில்லனாக்கப்பட்டார். அதற்குப் பிறகு தமிழ்ச் சினிமா அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே விடவில்லை.

உட்கார வைத்த நாற்காலியில் அவர் சும்மா உட்காரவில்லை. அந்தக் காலத்து வில்லன்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். பி.எஸ். வீரப்பா சிரித்தால் கொட்டகைத் தகரம் அதிரும். எம்.ஆர். ராதா குரலை இரண்டாகக் கிழித்துப் பேசுவார். அசோகன் வார்த்தையை இழுத்து, மடக்கி, விசித்திரமாக விடுவார். நம்பியார் வழி வேறு. குரலை ஏற்றாமலே பயமுறுத்துவார். ஒரு ஓரப் பார்வை, ஒரு புருவ நெளிப்பு, கையைப் பிசைகிற பிசைப்பு. பல்குரல் கலைஞர்கள் இன்றைக்கும் அந்தக் கைப் பிசைப்பை வைத்துத்தான் பிழைக்கிறார்கள்.

வாள் சண்டையைப் பாருங்கள். 'ஆயிரத்தில் ஒருவன்' மறுபடி டிவியில் போட்டால் எம்.ஜி.ஆரை விட்டுவிட்டு நம்பியாரை மட்டும் பாருங்கள். சண்டைக் காட்சியில் ஜெயிக்கிறவன் வேலை பாதி, தோற்கிறவன் வேலை பாதி. எந்த அடிக்கு எங்கே சாய வேண்டும், எப்போது வாளை நழுவ விட வேண்டும் என்று கணக்குத் தெரியாதவன் எதிரே நின்றால் எப்பேர்ப்பட்ட நாயகனும் கேலிக்கூத்தாகிவிடுவான். மக்கள் கைதட்டிய ஒவ்வொரு வெற்றியையும் இந்த மனிதர் எதிர்ப்பக்கம் நின்று கட்டிக் கொடுத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'எங்க வீட்டுப் பிள்ளை' படத்தில் கஜேந்திரன் கையில் அந்தச் சவுக்கு இல்லாவிட்டால், பிறகு எம்.ஜி.ஆர். கையில் அதே சவுக்கு வந்ததற்கு என்ன மதிப்பு? அந்தக் காட்சியின் சூட்டில்தான் ஒரு தலைமுறை அவரைத் தலைவராகப் பார்த்தது. அவர் 1977-ல் கோட்டைக்குப் போனார். 1988-ல் அவர் மறைவுக்குப் பின் பாரத ரத்னா கொடுத்தார்கள். கொடுத்தது சரிதான். எதிரே நின்று அடி வாங்கியவருக்கு என்ன வந்தது? இந்தியில் இதே வேலையைச் செய்த பிரானுக்கு 2001-ல் பத்மபூஷண், 2013-ல் தாதாசாகேப் பால்கே விருது. இந்த வரிசையில் நம்பியார் பெயர் இல்லை. 2008 நவம்பர் 19-ல் அவர் போய்ச் சேர்ந்தார். நாம் அவருக்கு வைத்திருப்பது ஒழுக்கச் சான்றிதழ் மட்டும்.

"சார், பக்தியைச் சொன்னால் என்ன தப்பு?" என்பீர்கள். தப்பே இல்லை. அவர் ஐயப்ப பக்தர்களுக்குக் குருசாமி. அந்தப் பெருமையைப் பஜனையில் சொல்லுங்கள், மாலை போடும்போது சொல்லுங்கள். அதை நடிப்புக்குப் பரிகாரமாகச் சொல்லாதீர்கள் என்கிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் குடிகாரராக இருந்திருந்தால் கஜேந்திரன் வேடத்தில் ஒரு மாற்றுக் குறைந்துவிடுமா? எம்.ஆர். ராதா 1967 ஜனவரி 12-ல் எம்.ஜி.ஆரைச் சுட்டார். சிறைக்கும் போனார். அதனால் 1954-ல் வந்த 'ரத்தக் கண்ணீர்' கெட்டுப்போய்விட்டதா? இன்றும் அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் நீங்கள்தானே. கெட்ட காரியம் நடிப்பைக் குறைக்காது என்றால், நல்ல காரியம் நடிப்பைக் கழுவவும் வேண்டியதில்லை. அது அழுக்கே இல்லை, கழுவுவதற்கு.

ஆர்.எஸ். மனோகர் இதற்குப் பதிலை மேடையிலேயே சொன்னார். 1951-ல் 'ராஜாம்பாள்' படத்தில் கதாநாயகனாக வந்தவரைச் சினிமா வில்லனாக்கியது. அவர் தன் நாடக மேடையில் 'இலங்கேஸ்வரன்' போட்டு இராவணனையே நடுவில் நிறுத்தினார். எவனையும் வில்லன் என்று தள்ளுவதற்கு முன்னால் அவன் பக்கத்துக் கதையையும் கேள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். நம்பியாருக்கும் ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். 1982-ல் பாக்யராஜ், 'தூறல் நின்னு போச்சு' படத்தில் நாயகனுக்குத் துணை நிற்கும் பயில்வானாக அவரை நிறுத்தினார். கொட்டகையில் ஜனம் அவரைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தது. அப்போது அவருக்கு வயது 63. இத்தனை வருஷமும் அது அவரிடம் இருந்திருக்கிறது. நாம்தான் கேட்கவில்லை.

சரி, ஒரு நடிகருக்காக வாத்தியார் ஏன் இவ்வளவு கொதிக்கிறார் என்று நினைப்பீர்கள். இனிமேல்தான் என் விஷயம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளியில் ஆண்டு விழா நாடகம் போட்டேன். பள்ளியின் பெயர் வேண்டாம். பிரகலாதன் நாடகம். பிரகலாதனுக்கு ஒரு சிவந்த பையனைப் பிடித்தேன். இரணியனுக்கு யாரைப் பிடித்தேன் என்றால், கறுத்து, உயர்ந்து, கட்டைக் குரலோடு கடைசி பெஞ்சில் இருந்த ஒருவனை. எட்டாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தில் நாலு வரி வாசிக்கச் சொன்னால் திக்கித் திணறுவான். அவன் இரணியன் வசனம் முழுவதையும், இன்னொருவன் வாசிக்கக் காதால் கேட்டு, இரண்டே நாளில் மனப்பாடம் செய்தான். மேடையில் பிரமாதப்படுத்தினான். "டேய், நீ நம்பியார்டா!" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினேன். அதுவே அவன் பெயராகிவிட்டது.

இரண்டு நாளில் அத்தனை பக்கம் மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு ஏன் வாசிக்க வரவில்லை என்று ஒரு நல்ல ஆசிரியன் யோசித்திருப்பான். நான் யோசிக்கவில்லை. சில நாள் கழித்து வகுப்பில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. என் வாயில் முதலில் வந்தது, "டேய் நம்பியார், எந்திரி." பையைக் கொட்டச் சொன்னேன். ஒன்றும் இல்லை. மறுநாள் அந்தப் பெட்டி, தொலைத்த பையன் வீட்டிலேயே கிடைத்தது. நான் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அவன் முழு ஆண்டுத் தேர்வுக்கு வரவே இல்லை.

முகத்தைப் பார்த்தும் பிறப்பைப் பார்த்தும் ஒருவனைக் குற்றவாளி என்று முடிவு கட்டுவது என்ன கொடுமை என்று நம் மண்ணுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பக்கத்தில்தான் பெருங்காமநல்லூர். பிறந்ததே குற்றம் என்று சொல்லி விரல் ரேகை கேட்ட சட்டத்தை எதிர்த்து நின்றதற்காக, 1920 ஏப்ரல் 3-ல் மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 1947-ல்தான் அந்தச் சட்டம் இங்கே ஒழிந்தது. அந்தக் கதையைத் தொண்டை அடைக்க வகுப்பில் சொன்னவன் நான். அதே நான்தான் கறுத்த பையனைப் பார்த்து முதலில் "எந்திரி" என்றேன். சட்டம் ஒழிந்தாலும் புத்தி ஒழியவில்லை.

பல வருஷம் கழித்து உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் கையைப் பிடித்தார். சிமெண்ட் படிந்த கை. கூடவே சின்ன மகள். "சார், என்னத் தெரியலையா? நான்தான் சார், உங்க நம்பியார்" என்றார். மகளிடம், "எங்க சார்டி, கும்பிட்டுக்க" என்றார். கோபம் கொஞ்சமும் இல்லை. "அந்த வேஷம் நல்லாத்தான சார் பண்ணேன்?" என்று மட்டும் கேட்டார். நல்லா பண்ணினாய் அப்பா என்றேன். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு நினைவுக்கு வரவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது. அதற்குள் திருப்பூர் பஸ் வந்துவிட்டது.

ஆகவே பிள்ளைகளே, உறவுகளே, இரண்டு விஷயம் கேட்கிறேன்.

ஒன்று. வருகிற நவம்பர் 19-ல் நம்பியார் படத்தைப் பகிருங்கள். ஆனால் சபரிமலைக் கணக்கு வேண்டாம். 'திகம்பர சாமியார்' பற்றியோ 'சர்வாதிகாரி' பற்றியோ உங்களுக்குப் பிடித்த ஒரு காட்சியை எழுதுங்கள். எழுபது வருஷம் உழைத்த தொழிலாளியை அவர் தொழிலை வைத்துப் பாராட்டுங்கள். உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள், இந்த வருஷ ஆண்டு விழாவில் கறுத்த பிள்ளைக்கு ராஜா வேஷம் கொடுங்கள். சிவந்த பிள்ளை ஒருமுறை அரக்கனாக நிற்கட்டும்.

இரண்டு. அந்த வருஷம் அந்த நாடகத்தில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இரணியன் வேஷம் போட்டவரின் சொந்தப் பெயரை எனக்குச் சொல்லுங்கள். இங்கே பின்னூட்டத்தில் வேண்டாம், தனியாக அனுப்புங்கள். நான் நேரில் போய் அந்தப் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
எழுமலை