டைரியும் பால் கணக்கும்

புது வருஷம் நெருங்கிவிட்டால் டைரிகளுக்கு யோகம் பிறந்துவிடுகிறது. நூல் வியாபாரி கொடுக்கிறார், பாங்கி கொடுக்கிறது, இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு வீடு தேடி வந்து கொடுக்கிறார். 'இந்த வருஷம் தினந்தோறும் எழுதியே தீருவது' என்று வீட்டுக்கு ஒருவராவது சங்கல்பம் செய்துகொள்கிறார். பொங்கல் வரையில் பக்கங்கள் நிரம்புகின்றன. மாட்டுப் பொங்கலுக்குப் பிறகு அதே டைரியில் பால் கணக்கு ஏறிவிடுகிறது!

இதில் பரிகசிப்பதற்கு ஒன்றுமில்லை. பால் கணக்கு ஒரு நாளும் தவறுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு வேண்டியது அரை நிமிஷம். அந்த அரை நிமிஷம் பால்காரர் வந்து போனவுடன் தானாகக் கிடைக்கிறது. சங்கல்பம் செய்தவரோ நாளுக்கு இரண்டு மணி நேரம் கேட்டார். அது எங்கிருந்து வரும் என்று யாரும் யோசிக்கவில்லை.

மங்கலத்தைப் போன்ற ஊரில் இந்தச் சங்கதி சுலபமாக விளங்கவேண்டும். இங்கே விசைத்தறிச் சத்தம் இரவிலும் ஓய்வதில்லை. திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குக் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் அதற்கு ஒன்றரை ஷிப்டு என்று பெயர். சனிக்கிழமைச் சம்பளத்தில் கால் ஷிப்டு குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். நேரத்தை இவ்வளவு கறாராக நிறுத்துப் பார்க்கும் ஜனங்கள், எழுதும் விஷயத்தில் மட்டும் வாய்க்கு வந்த கணக்கைச் சொல்வது வேடிக்கைதான். உபாத்தியாயர்களாகிய நம் கூட்டமும் இதற்கு விலக்கல்ல. செப்டம்பரில் காலாண்டுப் பரீட்சை, டிசம்பரில் அரையாண்டு, மார்ச்சில் பொதுப் பரீட்சை, அதன் பின்னே மலை மலையாக விடைத்தாள்கள் என்பது ஜூன் மாதமே தெரிந்த விஷயம். தெரிந்தும் அந்த மாதங்களிலும் எழுதப்போவதாகத் திட்டம் போடுகிறோம்.

இங்கிலாந்தில் ஆண்டனி டிரலோப் என்ற நாவலாசிரியர் தபால் இலாகா உத்தியோகஸ்தர். காலை ஐந்தரை மணிக்கு மேஜை முன் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு இருநூற்றைம்பது வார்த்தை வீதம் எழுதித் தள்ளினார். இதைச் சொல்லி நம்மை வெட்கப்படுத்த முயலும் நண்பர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவரை எழுப்பிக் காபி கொடுப்பதற்கென்று ஒரு வேலையாள் இருந்தான். அதற்காக அவனுக்கு வருஷத்துக்கு ஐந்து பவுன் அதிகப்படியான சம்பளம். நம் வீடுகளில் ஐந்தரை மணிக்குக் காபி போடுகிறவருக்கும் எழுத வேண்டுமென்ற ஆசை இருக்கலாம் அல்லவா? அவருக்கு யார் காபி போட்டுக் கொடுப்பது?

நமக்குச் சரியான உதாரணம் நம் தேசத்திலேயே இருக்கிறது. உ. வே. சாமிநாதையர் 1880-ம் வருஷம் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலையை ஏற்றார். பாடஞ் சொல்லும் வேலைக்கு நடுவே ஏடுகளை ஒப்புநோக்கி, விடுமுறைகளில் சென்னைக்குப் போய் அச்சு வேலையைக் கவனித்து, 1887-ல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். ஏழு வருஷம் ஆயிற்று. விடுமுறை எப்போது வரும் என்று பார்த்துச் செய்த காரியம் அது.

ஆனால் அவர் தம்முடைய சொந்தக் கதைக்கு இடம் ஒதுக்கியது எண்பத்தைந்தை எட்டும் வயதில். 1940-ல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவரத் தொடங்கிய 'என் சரித்திரம்' 122 அத்தியாயங்கள் வரை வளர்ந்தது. வாரத்துக்கு ஒன்று என்ற சிறிய கணக்கு அவ்வளவு பெரிய புத்தகத்தைக் கொடுத்துவிட்டது. 1942 ஏப்ரலில் அவர் காலமானார். கதை மணிமேகலைப் பதிப்போடு, அதாவது 1898-ம் வருஷத்தோடு, நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த நாற்பதுக்கு மேற்பட்ட வருஷங்களைப் பற்றி அவர் வாயிலாகவே தொடர்ந்து கேட்கும் பாக்கியம் தமிழர்களுக்கு இல்லாமற் போயிற்று.

ஆகையால், புது டைரி கையில் கிடைத்ததும் முதலில் எழுத முடியாத வாரங்களை அடித்துவிடுவது நல்லது. பரீட்சை வாரங்கள், தீபாவளிக்கு முந்தின வாரங்கள், கல்யாணங்கள், கம்பெனியில் கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் அவசர நாட்கள் எல்லாம் போகட்டும். வருஷத்தில் நாற்பது வாரமாவது மிஞ்சும். வாரத்துக்கு இரண்டு அரை மணி, அரை மணிக்கு ஒரு பக்கம் என்றால் எண்பது பக்கம் சேர்ந்துவிடுகிறது. தவறிய வாரத்துக்கு மறுவாரம் வட்டி போட்டுக் கட்ட வேண்டியதில்லை. அந்த வட்டிதான் பெரும்பாலும் நோட்டுப் புத்தகத்தை மூடவைக்கிறது.

எதை எழுதுவது என்று கேட்பவர்களுக்கு, மங்கலத்தில் நொய்யல் ஓடுகிறது. சாயப்பட்டறைகளை மூடும்படி 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட செய்தி பத்திரிகைகளில் பத்திரமாக இருக்கிறது. அந்த ஆற்றில் சாயம் கலப்பதற்கு முன் தண்ணீர் எப்படி இருந்தது, எந்தத் துறையில் குளித்தார்கள், கைத்தறி ஓய்ந்து விசைத்தறி வந்தபோது எந்த வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் எண்பது வயதுப் பாட்டிமாரிடம் மட்டும் இருக்கிறது. அவர்களுக்குப் பேச நேரம் உண்டு. எழுத நாம்தான் வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாட்டியின் பக்கத்தில் பேனாவோடு உட்காரப்போவது யார், அந்த அரை மணிக்கு அடுப்படியைக் கவனிக்கப்போவது யார் என்பதை இப்போதே வீட்டில் பேசிவைத்துக்கொள்ளலாம்.