நிற்பவருக்கு ஒரு நாற்காலி



பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் ஏதேனும் ஒரு பெரிய மின்சாதனக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். சுவர் முழுக்கத் தொலைக்காட்சிகள் ஒளி வீசிக்கொண்டிருக்கும். பிரிட்ஜுகளும் வாஷிங் மெஷின்களும் வரிசை கட்டியிருக்கும். அவற்றின் நடுவே கழுத்தில் அடையாள அட்டையுடன் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ நின்றுகொண்டிருப்பார். காலையில் கடை திறந்தபோதும் அவர் நின்றார். இரவு கடைசி வாடிக்கையாளர் வெளியேறும்போதும் நிற்கிறார். விற்பனைக்கு வைத்திருக்கும் பிரிட்ஜுக்குக்கூடக் கீழே ஒரு ஸ்டாண்டு போட்டிருக்கிறார்கள். அதை விற்பவருக்கு ஒரு நாற்காலி இல்லை!

‘இது என்ன பெரிய வேலை? வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசுவதுதானே!’ என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த நாலு வார்த்தைக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? மொட்டை மாடிக்குக் கீழே வெயில் இறங்கும் அறைக்கு ஒரு டன் ஏசி போதுமா என்று கேட்கிறோம். அவர்தான் கணக்குச் சொல்கிறார். ஐந்து நட்சத்திர முத்திரையைப் பார்த்து மயங்குகிறோம். நட்சத்திரத்துக்கான அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுகிறது என்பதால், முத்திரையில் உள்ள ஆண்டையும் பார்க்க வேண்டும் என்பதை நல்ல விற்பனையாளர்தான் நமக்குக் கற்றுத் தருகிறார். ‘பத்தாண்டு உத்தரவாதம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், அது கம்ப்ரசருக்கு மட்டும்தான், மற்ற பாகங்களுக்குப் பெரும்பாலும் ஓராண்டுதான் என்று எடுத்துச் சொல்வதும் அவரே. இத்தனையும் கேட்டுக்கொண்டு, ‘வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம்’ என்று நாம் கிளம்பிவிடுகிறோம். அவர் அடுத்தவருக்கு முதலிலிருந்து தொடங்குகிறார். நின்றுகொண்டேதான்!

மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் இப்படி நின்றால் கால் நரம்புகள் புடைத்துக்கொள்ளும். முதுகும் இடுப்பும் வலிக்கும். இருபத்தைந்து வயதுப் பிள்ளை இரவில் வீடு திரும்பிக் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த தாய்மார்கள் நம் வாசகர்களிலும் இருப்பார்கள். சென்னை ரிச்சி தெருவில், பர்மா பஜாரில், கடல் கடந்து வளைகுடாவில் என்று கடைகளில் நின்று குடும்பத்தைத் தாங்கும் பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனை பேர்! எனவே இது யாரோ ஒருவருடைய பிரச்னை அல்ல. நம் வீட்டுப் பிரச்னை.

வாசகர்களே! இதற்குச் சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று பிரிட்டனில் 1899-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்றது அது. நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலும், நின்று வேலை செய்யும் தொழிலாளர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி செய்ய வேண்டும் என்று 44-ஆம் பிரிவு கூறியது. ஆனால் கடை ஊழியரை இந்தக் கருணை எட்டவில்லை. 1947-ஆம் ஆண்டு வந்த கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்றெல்லாம் பேசியது. நாற்காலியைப் பற்றி அது பேசவில்லை.

அதைப் பேச வைத்தவர்கள் அண்டை மாநிலத்துப் பெண்கள். கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜி என்ற பெண்மணி, கடைகளில் வேலை செய்யும் பெண்களைத் திரட்டினார். முதலில் அவர்கள் கேட்டது கழிப்பறை. அடுத்துக் கேட்டது உட்காரும் உரிமை. திருச்சூரில் துணிக்கடைப் பெண்கள் 2014-15-இல் பல வாரங்கள் போராடினார்கள். அதன் பலனாக 2018-இல் கேரளத்தில் சட்டம் திருத்தப்பட்டது. 2021-இல் தமிழக சட்டமன்றமும் 22-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்காரலாம் என்பதே அதன் சாரம். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு 1948-இல் கிடைத்தது, தமிழகக் கடை ஊழியரை வந்தடைய 73 ஆண்டுகள் ஆகியிருக்கிறது!

சட்டம் வந்துவிட்டது. நாற்காலி வந்துவிட்டதா? நீங்கள் கடைசியாகச் சென்ற கடையை நினைவுபடுத்திப் பாருங்கள். சில இடங்களில் நாற்காலி இருக்கிறது. ஆனால் அது வாடிக்கையாளருக்கு! வேறு சில இடங்களில் ஊழியருக்கென்று ஒரு ஸ்டூல் மூலையில் கிடக்கிறது. அதில் உட்கார்ந்தால் மேலே கேமரா பார்க்கிறது. ‘வேலை இல்லையா?’ என்று கேள்வி வருகிறது. பயத்தோடு உட்காருவதைக் காட்டிலும் நிற்பதே மேல் என்று அவர் நின்றுவிடுகிறார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மின்சாதனக் கடையில் நம்மிடம் பேசுகிறவர்களில் பலர் கடையின் ஆட்களே அல்லர். பொருளைத் தயாரிக்கும் கம்பெனி, ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் நிறுத்தி வைத்தவர்கள். சம்பளம் ஓரிடம், அதிகாரம் வேறிடம், நிற்பது மூன்றாவது இடம். இருக்கை கேட்டால் ‘எங்கள் ஊழியர் இல்லை’ என்று கடை கை விரிக்கலாம். ‘கடை எங்களுடையது அல்ல’ என்று கம்பெனியும் கை விரிக்கலாம். இவர்கள் நடுவே கால் கடுக்க நிற்கும் மனிதர் யாருடைய பொறுப்பு?

கடை உரிமையாளர்களுக்கு, அவர்களில் நம் சகோதரர்களும் பலர் இருப்பதால், உரிமையோடு சொல்கிறோம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் விலை என்ன? நீங்கள் விற்கும் ஒரு தொலைக்காட்சியின் இலாபத்தில் எத்தனை நாற்காலி வாங்கலாம்? கால் வலிக்காத ஊழியர்தான் முகம் சுளிக்காமல் பேசுவார். கல்லாவில் நீங்கள் உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவு இல்லை என்றால், அவர் உட்காருவது மட்டும் எப்படி மரியாதைக் குறைவாகும்? உங்கள் கடைத் தளத்தில் நிற்பவர் யாருடைய சம்பளப் பட்டியலில் இருந்தாலும் அவருக்கும் சேர்த்தே நாற்காலி போடுங்கள்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. சட்டத்தை அரசிதழில் அச்சிட்டதோடு கடமை முடிந்துவிடாது. ஆய்வுக்குச் செல்லும் தொழிலாளர் துறை அதிகாரிகள் நாற்காலி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஊழியரைத் தனியே அழைத்து, ‘இதில் உட்கார முடிகிறதா?’ என்று கேட்க வேண்டும். கம்பெனி நிறுத்திய ஊழியரின் இருக்கைக்கு யார் பொறுப்பு என்பதையும் ஐயத்துக்கு இடமில்லாமல் அறிவிக்க வேண்டும்.

கடைசியாக நம்மிடம் வருவோம். ‘ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார்’ என்பதுதான் முதலாளிகள் சொல்லும் காரணம். அந்த வாடிக்கையாளர் யார்? நாம்தான்! வங்கியில் காசாளர் உட்கார்ந்திருக்கிறார். இரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர் உட்கார்ந்திருக்கிறார். அங்கெல்லாம் நமக்குக் கோபம் வருவதில்லை. கடையில் மட்டும் நம் பெயரைச் சொல்லி ஒருவரை நாளெல்லாம் நிற்க வைக்கிறார்கள். நம் பெயரால் நடக்கும் இந்த அநியாயத்தை நாம் மறுக்க வேண்டாமா?

அடுத்த முறை கடைக்குப் போகும்போது, கடைக்காரர் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொல்லுங்கள்: ‘தம்பி, உட்கார்ந்தே சொல்லுங்கள், நாங்கள் கேட்கிறோம்.’

பல வாரப் போராட்டம் சட்டமாயிற்று. அந்தச் சட்டம் நாற்காலியாவதற்கு இந்த ஒரு வார்த்தையும் தேவைப்படுகிறது.