குடியிருக்கும் வீட்டை ஏலம் விடாதே!

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை, ஆலையில் ஆட்குறைப்பு வந்தால், வயலில் வேலை இல்லாவிட்டால் உழைப்பாளியின் வீட்டுக்கடன் தவணை தவறுகிறது. பின்னாலேயே பாங்கியின் நோட்டீஸ் வருகிறது.

நீதிமன்றம் போகாமலே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடும் அதிகாரத்தை 2002-ம் ஆண்டின் சர்பாசி சட்டம் பாங்கிகளுக்குத் தந்தது. கலெக்டர் உத்தரவும் போலீசும் துணைக்கு வரும். அச்சட்டத்தின் 31-வது பிரிவு விளைநிலத்துக்கு விலக்களிக்கிறது. ஏழை குடியிருக்கும் ஒரே வீட்டுக்கென விலக்கு இல்லை!

தோழர்களே, பயந்துபோய்ச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். நோட்டீசுக்கு 60 நாள் கெடு உண்டு. அதற்குள் ஆட்சேபணையை எழுதிக் கொடுங்கள். 15 நாளில் பாங்கி காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு மேலும் வீட்டைக் கைப்பற்றினால், 45 நாளுக்குள் சென்னையிலுள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். கந்துவட்டிக்காரனிடம் ஓடாதீர்கள். நோட்டீசை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். கூட்டாகப் பாங்கிக்குப் போவோம்.

2016-ம் ஆண்டின் திவால் சட்டத்தின் கீழ், பெருமுதலாளிகளின் கடனில் பாதிக்கு மேல் விட்டுக்கொடுக்கிறார்கள். உழைப்பாளியிடம் மட்டும் கறாரா?

வேலை இழந்தோருக்குத் தவணையை நீட்டு! அபராதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்! குடியிருக்கும் ஒரே வீட்டுக்குச் சட்டத்தில் விலக்குக் கொடு!

இக்கோரிக்கைகளுக்காக ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் ஒன்றுபட்டுப் போராட வேண்டும்.