டுபாயில் வைரம் தோண்டுகிறார்களா?



பதிவு கொஞ்சம் நீளம். கல் வியாபாரத்தில் இருக்கும் சகோதரர்களும், ஓ.எல் முடித்த பிள்ளை வீட்டில் இருக்கும் பெற்றோரும் பொறுமையாக வாசித்தால் சந்தோசம்.

பத்து நாளைக்கு முன்னர் ஒரு வாப்பா தன் மகனையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்கு வந்தார். பையன் ஏ.எல் விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்து இரண்டு மாதம்தான். கணக்கிலும் இரசாயனவியலிலும் கெட்டிக்காரன். விடுகைப் பத்திரம் வேண்டுமாம்.

“சேர், இவன் படிச்சது போதும். டுபாய்ல இவன்ட மாமா ஈக்கிறார். வைர வியாபாரம். இங்க ரெண்டு வருசத்த வீணாக்கிறத விட அங்க போய் ரெண்டு காசு பார்க்கட்டும்.”

நான் பையனைப் பார்த்துக் கேட்டேன்: “டுபாய்ல எந்த இடத்துல வைரம் தோண்டுறாங்க?”

கொஞ்சம் யோசித்தான். “பாலைவனத்துலயா சேர்?”

சிரிக்க வேண்டாம். வாப்பாவும் பதிலுக்காக என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு தலைமுறையாகக் கல்லில் புழங்கிய குடும்பம் அது. அன்றைக்கு மணி அடித்துவிட்டது, சொல்ல முடியவில்லை. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு வைரச் சுரங்கம்கூட இல்லை. ஐந்நூறு வருடத்துக்கு மேலாக வைரத்துக்குப் பேர்போன பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் நகரத்திலும் இல்லை. உலக வைரங்களில் பத்துக்கு ஒன்பதைப் பட்டை தீட்டும் இந்தியாவில் இன்று சுரங்கம் என்று சொல்ல மத்தியப் பிரதேசத்தின் பன்னா மட்டும்தான், அதுவும் சின்ன அளவு. கோல்கொண்டா காலமெல்லாம் முடிந்து முந்நூறு வருடமாகப் போகிறது. வைரம் தோண்டும் நாடுகள் வேறு: ரஷ்யா, பொட்ஸ்வானா, அங்கோலா, கனடா, கொங்கோ, தென்னாபிரிக்கா, நமீபியா, சிம்பாப்வே. இப்படி ஒரு பட்டியல். விற்பவர்களின் பட்டியலையும் தோண்டுபவர்களின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் பெரும்பாலும் ஒட்டாது.

ஏன் ஒட்டவில்லை? இதுதான் அந்தப் பையனுக்கு நான் சொல்ல வந்தது. வைரத்தில் காசு குழியில் நிற்பதில்லை. கல்லைத் தரம் பிரித்து விலை சொல்லும் மேசையில்தான் நிற்கிறது.

கல் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரே நிறையுள்ள இரண்டு பட்டை தீட்டாத கற்கள், ஒன்றுக்கு நூறு டொலர், மற்றதுக்கு சில ஆயிரம். வடிவம், நிறம், உள்ளே இருக்கும் கீறல், வெட்டினால் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கு. இதைப் பார்க்கத் தெரிந்தவன் விலை சொல்வான். தெரியாதவன் கேட்டுக்கொள்வான். கொங்கோவில் ஆயிரமாயிரம் பேர் சல்லடையும் மண்வெட்டியுமாக ஆற்றங்கரையில் தோண்டுகிறார்கள். காரட் எண்ணிக்கையில் அந்த நாடு முன்வரிசை. காசில் பின்வரிசை. அங்கே கிடைப்பதில் பெரும்பகுதி தரம் குறைந்த கல் என்பது ஒரு காரணம். தோண்டியவன் கையில் தராசும் இல்லை, லென்ஸும் இல்லை என்பது இன்னொன்று.

போன நூற்றாண்டில் பெரும்பாலான காலம் அந்த மேசை இலண்டனில் இருந்தது. டி பியர்ஸ் கம்பெனியின் மேசை. பல நாட்டுக் கற்களை அங்கே கொண்டுவந்து கொட்டி, கலந்து, ஆயிரக்கணக்கான தரங்களாகப் பிரித்து, தாங்கள் தெரிந்தெடுத்த வியாபாரிகளை வருடத்துக்குப் பத்துத் தடவை கூப்பிடுவார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி. பெட்டியின் விலை ஏற்கனவே முடிவாகியிருக்கும். எடுத்தால் முழுப் பெட்டியையும் எடு, இல்லாவிட்டால் வைத்துவிட்டுப் போ. சும்மா சும்மா வைத்துவிட்டுப் போனால் அடுத்த தடவை அழைப்பு வருவது சந்தேகம். விலை பேசாமல் ஒரு கல் கைமாறுவதை நம்மூரில் யாராவது கற்பனை செய்ய முடியுமா?

இந்த மேசையைத் தன் பக்கம் இழுக்கப் பாடுபட்ட நாடு பொட்ஸ்வானா. இந்தக் கதையை நான் வகுப்பில் அடிக்கடி சொல்வேன்.

1966இல் அந்த நாடு சுதந்திரம் பெற்றபோது உலகத்தின் மிக வறிய நாடுகளில் ஒன்று. பெரும்பகுதி கலஹாரிப் பாலைவனம். அடுத்த வருடமே ஒராப்பாவில் வைரம் கண்டுபிடித்தார்கள். அந்த இடம் முதல் ஜனாதிபதி செரெட்சே காமாவின் சொந்தக் கோத்திரத்தின் நிலம். அவர் நினைத்திருந்தால் ‘இது எங்கட ஆட்கள்ட சொத்து’ என்று சொல்லியிருக்கலாம். நிலத்துக்குக் கீழே இருப்பது எந்தக் கோத்திரத்துக்கும் இல்லை, முழு நாட்டுக்கும் சொந்தம் என்று சட்டம் கொண்டுவந்தார். பிறகு கம்பெனியோடு பேரம். ஆரம்பத்தில் அரசின் பங்கு 15 சதவீதம்தான். 1975 அளவில் அதைப் பாதிக்குப் பாதியாக்கிவிட்டார்கள். 1982இல் ஜுவானெங் சுரங்கம் திறந்தது. பெறுமதியில் உலகின் மிகப் பணக்கார வைரச் சுரங்கம் அதுதான். பாடசாலை, வீதி, வைத்தியசாலை எல்லாம் அந்தக் காசில் வந்தன. பக்கத்து அங்கோலாவில் அதே வைரம் யுத்தத்துக்குத் துப்பாக்கி வாங்கிக்கொண்டிருந்த காலம் அது.

அப்படி இருந்தும் கல் மட்டும் இலண்டனுக்குத்தான் போனது. பொட்ஸ்வானா விடவில்லை. தன் பிள்ளைகளுக்குத் தரம் பிரிக்கப் பழக்கியது. கம்பெனி சொல்லும் விலையைச் சரிபார்க்கத் தன் பக்கத்து மதிப்பீட்டாளர்களை உட்கார வைத்தது. தரம் பிரிக்கும் கட்டடம் தலைநகர் கபரோனுக்கு வந்தது. கடைசியில் 2013இல் டி பியர்ஸ் தன் சர்வதேச விற்பனையையே இலண்டனிலிருந்து கபரோனுக்கு மாற்றியது. அதுவரை இலண்டனுக்குப் பறந்த வியாபாரிகள் கபரோனுக்குப் பறக்கத் தொடங்கினார்கள். சுதந்திரம் கிடைத்ததிலிருந்து எண்ணினால் 47 வருடம்.

இந்த இடத்தில் என் பெரியவாப்பா ஞாபகத்துக்கு வருகிறார். அவர் ‘கெவுட’ கல்லைக் கிலோக்கணக்கில் விற்றவர். பால் மாதிரி மங்கலான கல், நம் ஆட்கள் ஒன்றுக்கும் உதவாது என்று முற்றத்தில் கொட்டி வைத்திருந்தது. எழுபதுகளில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதை அள்ளிக்கொண்டு போனார்கள். கொண்டுபோய்ச் சூளையில் சூடாக்கினார்கள். அதே கல் நீல மாணிக்கமாகி உலகச் சந்தைக்குப் போனது. குழி நம்முடையது, கல் நம்முடையது. எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் என்ற அறிவு அவர்களுடையது. நாம் அதைக் கற்றுக்கொள்வதற்குள் போனது போனதுதான். பெரியவாப்பா கடைசிவரை அந்த ஆட்களைத் திட்டவில்லை. “அவன் படிச்சிட்டு வந்தான், நாங்க பார்த்துக்கிட்டு ஈந்தோம்” என்பார்.

நம் நாட்டில் வைரம் தோண்டுவதில்லை. மாத்தறை வைரம் என்று பழைய ஆட்கள் சொல்வது நிறமில்லாத சேர்க்கன் கல், வைரமே இல்லை. ஆனாலும் மத்திய வங்கியின் ஏற்றுமதிக் கணக்கில் இரத்தினக்கல், வைரம், நகை என்று ஒரு தலைப்பு உண்டு. வெளிநாட்டுக் கல்லை இறக்கி, இங்கே பட்டை தீட்டி, திருப்பி அனுப்புகிறோம். கூலி நமக்கு, கல் அவர்களுக்கு. நல்ல கை வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் அதுவும் மேசை இல்லை.

மேசையில் இருப்பவர்கள் விலையை மட்டும் முடிவு செய்வதில்லை. எந்தக் கல் சுத்தம், எது அசுத்தம் என்பதும் அங்கேதான் முடிவாகிறது. தொண்ணூறுகளில் சியரா லியோனில் கிளர்ச்சிக்காரர்கள் மக்களின் கைகளை வெட்டிக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய கல் லைபீரியா வழியாக வெளியே போனது. லைபீரியா வருடத்துக்குக் கூடினால் 150,000 காரட் தோண்டக்கூடிய நாடு. அந்த நாட்டிலிருந்து வந்ததாக அன்ட்வேர்ப் பதிவு செய்தது வருடத்துக்கு 6 மில்லியன் காரட் அளவு. கணக்கு எழுதியவர்களுக்குக் கூட்டல் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

உலகம் கொதித்த பிறகு 2003இல் கிம்பர்லி ஏற்பாடு வந்தது. நம் நாடும் அதில் அங்கத்துவம். சான்றிதழ் இல்லாமல் பட்டை தீட்டாத வைரம் எல்லை தாண்டக் கூடாது. நல்ல விசயம்தான். ஆனால் அதன் வரைவிலக்கணத்தை வாசியுங்கள். அரசாங்கங்களுக்கு எதிரான கிளர்ச்சிக் குழுக்கள் யுத்தத்துக்குக் காசு தேடப் பயன்படுத்தும் வைரம் மட்டும்தான் அதற்கு ‘மோதல் வைரம்’. அரசாங்கமே சுட்டால்? 2008இல் சிம்பாப்வேயின் மராங்கேயில் படையினர் தோண்டும் மக்கள் மீது சுட்டார்கள். 200 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வொச் எழுதியது. 2011இல் அந்தக் கல்லை ஏற்றுமதி செய்ய கிம்பர்லி வழிவிட்டது. அந்த ஏற்பாடு உருவாகப் போராடிய குளோபல் விட்னஸ் அமைப்பு அதே வருடக் கடைசியில் வெளியேறியது. உக்ரேன் யுத்தத்துக்குப் பிறகு ரஷ்ய வைரத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டார்கள். எல்லா நாடும் சம்மதித்தால்தான் முடிவு என்பது விதி, ஆகவே நிகழ்ச்சி நிரலில்கூட ஏறவில்லை. 2024இல் ஜி7 நாடுகள் தாங்களாகத் தடை போட்டுக்கொண்டன. பட்டை தீட்டிய கல்லுக்கோ கிம்பர்லியில் கேள்வியே இல்லை. இஸ்ரேல் விற்பதில் பெரும்பகுதி பட்டை தீட்டிய கல். இதை ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

டுபாய்க்கு வருகிறேன். 2002இல் ஒரு வர்த்தக வலயம் அமைத்தார்கள். வரி குறைவு, விமானம் நிறைய, ஆபிரிக்காவுக்கும் சூரத்துக்கும் நடுவில் இடம். இருபது வருடத்துக்குள், 2021இல், பட்டை தீட்டாத வைர வியாபாரத்தில் அன்ட்வேர்ப்பையே முந்திவிட்டார்கள். பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். ஆனால் ஆபிரிக்காவிலிருந்து குறைந்த விலையில் வரும் பொதி, பட்டை தீட்டாமலே, அங்கிருந்து வெளியே போகும்போது கூடிய விலையில் போகிறது என்ற குற்றச்சாட்டு பல வருடமாக இருக்கிறது. தரம் பிரித்ததால் ஏறியது என்பார்கள். ஒரு பங்கு உண்மையாகவும் இருக்கலாம். குறைத்துக் காட்டியதால் இழந்த வரி எந்த நாட்டுப் பிள்ளையின் பாடசாலைக்குப் போக வேண்டியது என்று கேட்பவர் யாருமில்லை.

மேசைக்கு வந்தால் பிரச்சினை தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஆய்வுகூடத்தில் செய்யும் வைரம் வந்துவிட்டது. அது போலி இல்லை. அதே காபன், அதே கடினம், கண்ணாலும் சாதாரண லென்ஸாலும் பிரித்தறிய முடியாது, அதற்கென்று கருவி வேண்டும். சீனாவிலும் சூரத்திலும் தொழிற்சாலைகளில் வளர்க்கிறார்கள். விலை விழுந்துகொண்டே போகிறது, அதோடு சேர்ந்து சுரங்க வைரத்தின் கேள்வியும் விழுந்தது. 2023 கடைசியில் இந்திய வியாபாரிகள் தாங்களாகவே இரண்டு மாதம் பட்டை தீட்டாத வைர இறக்குமதியை நிறுத்தி வைத்தார்கள். ஏற்றுமதியில் ஐந்தில் நாலு பங்குக்கு வைரத்தையே நம்பியிருந்த பொட்ஸ்வானா நிலைகுலைந்தது. 1966 முதல் ஆண்ட கட்சி 2024 தேர்தலில் தோற்றது. 2025 பெப்ரவரியில் டி பியர்ஸோடு புதிய ஒப்பந்தம்: அரசு தானே விற்கும் பங்கு 30 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக 50 வரை போகும். அதே வருடம் ஓகஸ்டில், வைத்தியசாலைகளில் மருந்து இல்லாமல், பொதுச் சுகாதார அவசரகாலம் அறிவித்தார்கள். பாடுபட்டு வாங்கிய பங்கு கைக்கு வந்த நேரம் கல்லின் விலை போய்விட்டது. இதை வகுப்பில் எப்படிச் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

இரசாயனவியல் ஏன் என்று கேட்கும் வாப்பாமாருக்கு இதைவிட வேறு பதில் என்னிடம் இல்லை. காபன் எப்படிப் படிகமாகிறது என்று தெரிந்தவன்தான் நாளைக்கு எது மண்ணில் விளைந்தது, எது இயந்திரத்தில் விளைந்தது என்று சொல்லப் போகிறான். அவன் சொல்லும் சொல்லுக்குத்தான் காசு. பதினேழு வயதில் டுபாய் போகும் பிள்ளை பொதி தூக்குவான், தேத்தண்ணி எடுத்துக் கொடுப்பான், பத்து வருடம் கழித்து ஒருவேளை பார்த்துப் பழகியிருப்பான். வியாபாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்துப் போகட்டும் என்கிறேன்.

பையனின் விடுகைப் பத்திரம் இன்னும் என் மேசை இலாச்சியில் இருக்கிறது. வாப்பா திரும்பி வரவில்லை, கோல் எடுக்கவும் இல்லை. பையன் மட்டும் திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தான். நான் எதுவும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கல் வியாபாரச் சகோதரர்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்கள் ஏ.எல் பிள்ளைகளோடு ஒரு மணித்தியாலம் உட்கார உங்களில் இரண்டு பேர் வேண்டும். கல்லை எப்படிப் பார்ப்பது, எங்கே ஏமாந்தீர்கள், யாரிடம் ஏமாந்தீர்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள். கல் கொண்டுவரத் தேவையில்லை. ஆளுக்கு ஒரு லென்ஸ் மட்டும் கொண்டு வாருங்கள். வர முடிந்தவர்கள் கீழே பெயர் போடுங்கள்.