பென்ஸுக்கு இஞ்சின் மாத்தற புண்ணியவான்களே!

போன ஞாயித்துக்கிழமை இங்க புனேயில தெரிஞ்சவர் ஒருத்தர் தன்னோட பழைய பென்ஸைக் காட்டக் கூப்பிட்டிருந்தார். 1960-கள்ல வந்த 190 மாடல். பின்னாடி மீன் துடுப்பு மாதிரி தூக்கிட்டு நிக்குமே, அந்த 'ஃபின்டெயில்'. வாயைப் பொளந்துட்டேன். பானெட்டைத் திறந்தார். உள்ள புத்தம்புது ஜப்பான் இஞ்சின்!

"பழைய இஞ்சின் எங்க சார்?"

"நல்லாத்தான் ஓடிச்சு. எடைக்குப் போட்டாச்சு"ன்னார், சிரிச்சுக்கிட்டே. அன்னிக்கு மதியம் எனக்கு சோறு இறங்கலை.

இஞ்சின் மாத்தறதே பாவம்னு சொல்ல வரலைங்க. எங்க அப்பாவே அம்பாசடர்ல மாட்டடார் டீசல் இஞ்சின் போட்டு ஓட்டினவர்தான். அது வாடகை வண்டி, பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகலை. வயித்துப்பாடு. இவருக்கு என்ன வந்துச்சு? தினம் ஓட்ட வாசல்ல வேற ரெண்டு கார் நிக்குது.

அவர் சொன்ன காரணங்களைக் கேளுங்க.

"ஸ்பேர் கிடைக்காது." பழைய பென்ஸ்களுக்குன்னே அந்த கம்பெனி 1993-லேர்ந்து ஜெர்மனியில தனி மையம் நடத்துது. செலவாகும், நாளாகும், அவ்வளவுதான்.

"பிக்கப் இல்லை." 80 குதிரைசக்திக்குன்னு அமைச்ச வண்டியில அதுக்கு ரெண்டு மடங்கைப் பூட்டினா, பிரேக் என்ன பண்ணும்?

"பாதுகாப்பு." இதுதான் உச்சம்! இடிச்சா முன்னும் பின்னும் நசுங்கி, நடுவுல உக்காந்திருக்கறவங்களைக் காப்பாத்தற பாடியோட 1959-ல வந்ததே இந்த ஃபின்டெயில் குடும்பம்தான். பேலா பாரென்யிங்கற இஞ்சினியரோட யோசனை. அந்த முன்பக்கத்தைத்தான் புது இஞ்சின் உக்காரணும்னு வெட்டி வெல்டிங் பண்ணியிருக்காங்க.

இன்னொண்ணு. 2021-ல வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷம் தாண்டின காரை விண்டேஜ்னு பதியலாம். ஆனா இஞ்சின், சேசிஸ், பாடியில மாத்தம் பண்ணியிருக்கக் கூடாது. அந்த வாய்ப்பையும் சேர்த்து எடைக்குப் போட்டுட்டார் மனுஷன்.

என் கணக்கு சிம்பிள். எலக்ட்ரிக் ஃபேன், சீட் பெல்ட், நல்ல ரேடியல் டயர் எல்லாம் தாராளமா போடுங்க. நாளைக்கே கழட்டிப் பழையபடி ஆக்கிடலாம். இஞ்சினே இல்லாத கூடு கிடைச்சுதா, உங்க இஷ்டம். ஆனா ஓடற ஒரிஜினலைக் கழட்டித்தான் ஆகணும்னா, கிரீஸ் தடவி, சாக்கு சுத்தி ஒரு மூலையில வையுங்க. உங்க பேரனுக்காவது புத்தி இருக்கும்.