சுக்கானும் தலையெழுத்தும்

கரிசல் காட்டில் கிணறு வெட்டுகிறவனுக்குச் சுக்கான் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கோவில்பட்டிச் சீமையில் அவன் மண்வெட்டி முனையை மழுக்குவது அதுதான். ஆனால் அது எப்படி உண்டாயிற்றென்று கேட்டால், "பகவான் படைத்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் காட்டில் பயிர் மஞ்சளாய்ப் போனாலோ, "நிலத்துக்குத் தோஷம், நம் தலையெழுத்து" என்று கடன் வாங்கிப் பரிகாரம் செய்கிறார்கள். பரிகாரம் செய்து வைப்பவனுக்கு வரும்படி, குடியானவனுக்கு வட்டி.

உண்மை என்ன? மழைத் தண்ணீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு, சிறிது புளிப்பேறி, மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கின்றது. மழை மிகுந்த நாட்டில் அது ஆற்றோடு கடலுக்குப் போய்விடும். அங்கே சிப்பியும் சங்கும் பவளப் பூச்சியும் அதையே எடுத்து ஓடு கட்டிக்கொள்கின்றன. அவை செத்து அடியில் படிந்து இறுகியதே பெரும்பாலான சுண்ணாம்புப் பாறை. அரியலூர்ப் பாறையில் 6½ கோடி ஆண்டுகளுக்கும் முந்திய கடல் ஓடுகளை இன்றும் கண்ணால் பார்க்கலாம். நமது வானம் பார்த்த பூமியிலோ மழை கொஞ்சம், வெயில் அதிகம். கரைந்த சுண்ணாம்பு தூரம் போகுமுன் தண்ணீர் வற்றிவிடுகிறபடியால், மண்ணுக்குள்ளேயே கட்டி கட்டியாய் உறைந்துவிடுகின்றது. அதுதான் சுக்கான். இதில் பகவானுக்கு என்ன வேலை?

காரணம் தெரிந்தவன் கல்லை வேலை வாங்கினான். நல்ல சுண்ணாம்புக் கல் 100 பங்கைச் சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால், 44 பங்கு வாயுவாய்ப் போய் 56 பங்கு சுண்ணாம்பு நிற்கும். அதை நீற்றிச் சுவரில் பூசினால், போன வாயுவைக் காற்றிலிருந்து வாங்கி மறுபடியும் கல்லாகிவிடும். களிமண் வகையோடு சேர்த்துச் சுமார் 1450 டிகிரியில் சுட்டு அரைத்தால் சிமெண்டு. நெல்லைக்கு அருகே தாழையூத்தில் 1949-இல் அந்த ஆலை ஓட ஆரம்பித்தது.

நிற்க, பயிரின் சங்கதிக்கு வருவோம். சுண்ணாம்பு மிஞ்சின மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாயிருப்பது அதன் அடையாளம். தொழு உரமும், அளவறிந்து கரைத்துத் தெளிக்கும் அன்னபேதியும் அதற்கு மருந்து. கோவில்பட்டியிலேயே 1901 முதல் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருந்து வருகின்றது.

தோழர்களே! ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் நடக்கிற கால், ஒரு பிடி மண்ணைத் தூக்கிக்கொண்டு பரிசோதனைக்கு நடக்கக் கூடாதா? ஜாதகத்தில் சுக்கான் இருக்கிறதா, மண்ணில் இருக்கிறதா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.